கன்னியப்பன் எழுதாத வரி

கன்னியப்பன் அண்ணன் இறந்த ஒன்பதாம் நாள் காலையில் அவருடைய மகள் அறிவுமதி என் கடைக்கு வந்தாள். பதினாறாம் நாள் அவர் ஊரான பென்னலூரில் படத்திறப்பு. அதற்கு ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டும், நினைவு மலருக்கு அட்டை போட வேண்டும். ஒரகடம் கூட்டு ரோட்டில் நான் ஃப்ளெக்ஸ் கடை வைத்துப் பதினான்கு வருஷம் ஆகிறது. செத்தவர்களுக்கு இதுவரை அடித்ததை எல்லாம் விரித்துப் போட்டால் ஒரு ஏரியை மூடலாம். பெயர், தோற்றம், மறைவு, மூலையில் ஒரு குத்துவிளக்கு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடித்துக் கொடுப்பேன்.

படத்துக்குக் கீழே ஒரு வரி வேண்டும் என்றாள் அறிவுமதி. அப்பா எழுதியதிலேயே ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்த வரியாம். போனைத் திறந்து காட்டினாள். மஞ்சள் பின்னணியில் கொட்டை எழுத்தில் இருந்தது:

‘அவசரப்பட்டது அவன் கை. அழுவது அவன் தாய்.’

கோயம்புத்தூரில் அவள் நர்சாக இருக்கும் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு பட்டறைச் சுவரில்கூட இதை எழுதி வைத்திருக்கிறார்களாம். போகும்போதும் வரும்போதும் பார்ப்பாளாம். இது எங்கப்பா எழுதியது என்று கூட வேலை செய்கிறவர்களிடம் சொல்லிக்கொள்வாளாம். சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கியது. நான் அவளைப் பார்க்காமல் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏனென்றால் அந்த வரியை அவளுடைய அப்பா எழுதவில்லை. நான் எழுதினேன். அவருக்குத் தெரியாமல், அவர் பெயருக்குக் கீழே எழுதினேன். கைவிரல்களை இழந்த ஒரு பையன் மேலேயே பழியைத் தூக்கிப் போட்ட வரி அது. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பார்களே, அந்தப் பழியை அவர் ஆறு வருஷம் சுமந்தார். வாயைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தார். இப்போது அதே வரியை அவர் படத்துக்குக் கீழேயே நான் இன்னொரு முறை எழுத வேண்டுமாம்.

தான் வேலை பார்த்த கம்பெனியின் சுவருக்காக அவர் எழுதிய அறுபத்து மூன்று சித்திரக்கதைப் பக்கங்களின் அசலும் என்னிடம்தான் இருந்தது, வரைந்தவன் நான் என்பதால். அத்தனையும் மலரில் வர வேண்டும் என்றாள். அறுபத்து மூன்றாவதை மட்டும் கரையான் அரித்துவிட்டது என்றேன். பரவாயில்லை சித்தப்பா, அதுதான் போனிலேயே இருக்கிறதே என்றாள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும். மத்தியானம் வா, மாதிரி போட்டு வைக்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

அனுப்பிவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். படத்தை வைத்தேன், பெயரை அடித்தேன். அதற்குக் கீழே போகக் கை வரவில்லை.

கன்னியப்பன் அண்ணன் சித்திரக்கதை எழுத்தாளர். படம் வரைகிறவர் வேறு, கதை எழுதுகிறவர் வேறு என்பதே நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. பக்கத்துக்கு ஆறு கட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் யார் நிற்கிறார்கள், எங்கே பார்க்கிறார்கள், என்ன பேசுகிறார்கள் என்று ஒருவர் எழுதித் தராவிட்டால் ஓவியன் எதை வரைவான், தன் தலையையா? சென்னையிலிருந்து மாதாமாதம் வந்துகொண்டிருந்த பவழம் சித்திரக்கதைக்கு அவர் பதினொரு வருஷம் எழுதினார். ‘செக்போஸ்ட் சிங்காரம்’ அவருடைய ஆள். சிங்காரத்துக்குத் துப்பாக்கி கிடையாது, குதிரை கிடையாது. தொப்பையும் லத்தியுமாக நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடியில் நிற்கும் ஏட்டு. லாரித் தார்ப்பாயின் மேல் கயிற்றை எப்படி முடிந்திருக்கிறார்கள் என்று பார்த்தே உள்ளே இருப்பது அரிசியா சந்தனக்கட்டையா என்று சொல்லிவிடுவார். அதற்காகக் கன்னியப்பன் அண்ணன் சுங்குவார்சத்திரம் ரோட்டோரம் உட்கார்ந்து லாரிக்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து முடிச்சுகளைக் கற்றுக்கொண்டார். அந்தக் காலத்தில் லாரியைப் பார்த்தால் முதலில் கயிற்றைப் பார்த்த பையன்கள் உண்டு. நானும் அப்படிப் பார்த்தவன்தான்.

ஆனால் பவழத்தில் எழுதியவர் பெயரைப் போடமாட்டார்கள். ‘கதை: பவழம் குழு’, அவ்வளவுதான். ஓவியர் மட்டும் படத்து மூலையில் தன் கையெழுத்தை நுழைத்துக்கொள்வார். நூற்று முப்பது கதை எழுதியும், நான்தான் எழுதினேன் என்று இவர் சொன்னதைப் பென்னலூரில் ஒருவரும் நம்பவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் புத்தகத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார். மாமனார் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, இதுல உம் பேரு எங்க கீது மாப்ள என்றாராம். இதைச் சொல்லிச் சிரிப்பார்.

பவழம் நின்றுபோனது. கன்னியப்பன் அண்ணன் குடும்பத்து நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போனது, அதன் பின்னாலேயே அவரும் கம்பெனிக்குள் போனார். கார் கதவுக்குத் தகடு அடிக்கும் கம்பெனி, பெயர் வேண்டாம். ஸ்டோர்ஸில் வேலை. சட்டைப்பையில் பேனாவைக் குத்திக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையுறையும் காதடைப்பானும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வருஷம் பாதுகாப்பு வாரம் வந்தபோது சேஃப்டி ஆபீசர் மோகன் இவருடைய பழைய கதையைக் கேள்விப்பட்டு, ஏதாவது எழுதிக் கொடுங்களேன் என்று கேட்டார். மாதம் ஒரு பக்கம் சித்திரக்கதை, கேண்டீன் வரிசை நிற்கும் சுவரில் ஒட்டலாம் என்று பேச்சாயிற்று. அதே கம்பெனிக்குள் ‘புகை பிடிக்காதீர்’ எழுதிக்கொண்டிருந்த என்னைப் படம் வரையப் பிடித்தார்கள். கன்னியப்பன் அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மேலே பெயர் வர வேண்டும். ‘கதை: கன்னியப்பன். ஓவியம்: ஸ்ரீதர்.’ ஐம்பத்து மூன்று வயதில்தான் தன் கதைக்கு மேல் தன் பெயரை முதல் முறையாகப் பார்த்தார். அன்றைக்குக் கேண்டீனில் சாப்பிடாமல் சுவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஸ்டோர்ஸில் பொருள் கேட்டு வரும் இண்டென்ட் சீட்டுகளில் வீணானவற்றின் பின்பக்கத்தில் எழுதுவார். ஐந்து கட்டத்துக்குத்தான் வசனம் இருக்கும். ஆறாவது கட்டத்துக்கு என்ன வரைய வேண்டும் என்று மட்டும் இருக்கும், எழுத்து ஒன்றும் கூடாது. லைனில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், தமிழ் படிக்கத் தெரியாது. அஞ்சு கட்டம் நமக்கு, ஆறாவது எல்லாருக்கும் என்பார். சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வந்து ஒருவன் காலில் ஏறிய கதையில் ஆறாவது கட்டத்தில் ஒரு ஜோடி ஷூ மட்டும் வரையச் சொன்னார், ஒன்று முழுசாக, ஒன்று தட்டையாக. அதைப் பார்த்துவிட்டு ஒரு பீகார்ப் பையன் சாப்பாட்டுத் தட்டோடு அப்படியே நின்றதை நானே பார்த்தேன். விழுந்தவனை அவர் ஒரு நாளும் குற்றம் சொன்னதில்லை. விழுந்த இடத்தில் என்ன இருந்தது என்பதைத்தான் வரையச் சொல்வார். அதனால்தான் சூப்பர்வைசரிடம் சொல்லப் பயந்ததை எல்லாம் ஆட்கள் ஸ்டோர்ஸ் ஜன்னலில் வந்து சொன்னார்கள். எந்த இடத்தில் எண்ணெய் ஒழுகுகிறது, எந்த ஏணி ஆடுகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு மோகனுக்குத் தெரியாது.

ஐந்து வருஷம் இப்படிப் போனது. பிறகு ஹேமந்தின் கை மெஷினில் மாட்டியது.

வல்லக்கோட்டைப் பையன். இருபத்தோரு வயது, கான்ட்ராக்ட் ஆள். பிரஸ் மெஷினில் நின்றான். அந்த மெஷினுக்கு இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் அச்சு கீழே இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்று செய்த ஏற்பாடு. எண்ணிக்கை ஏற வேண்டும் என்று ஷிஃப்ட் சூப்பர்வைசர் என்ன செய்வான் என்றால், ஒரு பொத்தானை அமுக்கினபடியே கேபிள் டை என்கிற பிளாஸ்டிக் பட்டையைப் போட்டு இறுக்கிக் கட்டிவிடுவான். ஒரு கை பொத்தானில், ஒரு கை தகட்டில். வாரம் ஆறு நாளும் அப்படித்தான் ஓடியது. ஆடிட் வரும் அன்றைக்கு மட்டும் கட்டை வெட்டிவிடுவார்கள். இது கம்பெனிக்குள் எல்லோருக்கும் தெரியும், டீ கொண்டு போகிறவனுக்குக்கூடத் தெரியும். ஹேமந்துக்கு வலது கையில் மூன்று விரல் போனது.

கன்னியப்பன் அண்ணன் அந்த வாரமே எழுதினார். அறுபத்து மூன்றாவது கதை. ஆறாவது கட்டத்துக்கு இப்படி எழுதியிருந்தார்: ‘ஒரு பொத்தான். அதை ஒரு கை கட்டுகிறது. முகம் வேண்டாம். சட்டைக் கை மட்டும், நீலம்.’ நீலச் சட்டை சூப்பர்வைசர்களுக்கு. கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சாம்பல். அவர் எழுதியபடியே நான் வரைந்தேன். மோகன் பார்த்தார், எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். நீலத்தைச் சாம்பலாக்கு, கீழே ஒரு அறிவுரை போடு என்றார். சாம்பலாக்கினால் பொத்தானைக் கட்டியது அந்தப் பையனே என்றாகிவிடும். கன்னியப்பன் அண்ணன் எழுந்துகொண்டார்.

“போடாம வுட்டுடு சார். மாத்தி மட்டும் போடாத.”

மறுநாள் மோகன் தனியாக என் கடைக்கு வந்தார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இன்றைக்குச் சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சாக்காவது இருந்திருக்கும். பாராட்டினார். சுவரில் நிற்கிறது உன் படம், ஜனங்கள் பார்க்கிறது உன் கைவண்ணம், பெயர் மட்டும் அவருக்கு என்றார். இனிமேல் கம்பெனிக்குள் எல்லாப் போர்டும் நீதான் எழுதுவாய் என்றார். நான் சாம்பல் வண்ணத்தைக் குழைத்தேன். நீலத்தின் மேல் பூச அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஏதாவது ஒரு அறிவுரை என்றுதான் மோகன் கேட்டார், வரியை அவர் சொல்லித் தரவில்லை. அது என் சொந்தச் சரக்கு. எழுதிவிட்டு இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். நன்றாக அமைந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். சாம்பல் பூசியதைக்கூட ஒரு நாள் மன்னித்துக்கொள்வேன், அந்தச் சந்தோஷத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார்கள். அன்று சாயங்காலமே ஆறாவது கட்டம் மட்டும் கன்னியப்பன் பெயரோடு கம்பெனி பஸ்ஸுக்கு பஸ் வாட்ஸ்அப்பில் ஓடியது. வேறு கம்பெனிக்காரர்கள் தங்கள் சுவரில் எழுதிக்கொண்டார்கள். விசாரணை நடந்தது. சூப்பர்வைசர்தான் கேபிள் டை கட்டினான் என்று ஹேமந்த் சொன்னதை ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை. கூட நின்று வேலை செய்தவர்களே பின்வாங்கினார்கள். கன்னியப்பனே எழுதிவிட்டாரே, அவர் பொய் எழுதமாட்டாரே என்றார்கள். அந்த மனிதர் ஐந்து வருஷம் சேர்த்து வைத்த நம்பிக்கையை எடுத்து அந்தப் பையனை அடித்தோம்.

ஒட்டிய மறுநாளே, செவ்வாய்க்கிழமை, அவர் என் கடைக்கு வந்தார். நான் காலைப் பிடிக்காத குறை. நானே போய் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் அண்ணே என்றேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார்.

“சொல்றதா இருந்தா நீ சொல்லு, ஸ்ரீதரு. நான் உம் பேர சொல்ல மாட்டேன். மேல எம் பேருதான் கீது. பேரு போடு, பேரு போடுன்னு கேட்டவன் நானு. நல்லதுக்கு மட்டும் பேரு, கெட்டதுக்கு இல்லன்னா அது இன்னா பேரு?”

மோகனிடம் சண்டை போட்டு அந்தப் பக்கத்தை ஒரு வாரத்தில் கிழித்தெடுக்க வைத்தார். சுவரிலிருந்துதான் போனது, போன்களிலிருந்து போகவில்லை. அதற்குப் பிறகு அவர் ஒரு கட்டம்கூட எழுதவில்லை. கண் சரியில்லை என்று கம்பெனியில் சொல்லிவிட்டார். கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை, டீக்கடையில் பேப்பரை எட்ட வைத்துப் படிப்பார். என் கடைக்கு வருவதை மட்டும் நிறுத்தவில்லை. வருவார், மழையைப் பற்றிப் பேசுவார், சிப்காட் ரோட்டு நெரிசலைத் திட்டுவார், போவார். ஒரு நாளாவது என்னைத் திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும். ஆறு வருஷமும் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான் போர்டு எழுதிக்கொண்டிருந்தேன். கம்பெனிக்குள் எல்லாப் போர்டும் நான்தான் எழுதினேன்.

மத்தியானம் அறிவுமதி வந்தபோது திரையில் பெயருக்குக் கீழே காலியாகத்தான் இருந்தது. உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மோகனின் பாராட்டையும் சொன்னேன், என் சந்தோஷத்தையும் சொன்னேன். நர்ஸ் வேலை பார்க்கிறவள். முகத்தில் ஒன்றையும் காட்டாமல் கேட்டாள். பட்டறைச் சுவரைக் காட்டிப் பெருமை பேசியதெல்லாம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். அப்பா கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதைச் சொன்னாரா என்று நான் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். எழுந்து பையை எடுத்துக்கொண்டவள் வாசலில் நின்றாள்.

“என்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? நான் வேற வரி போட்டுக்குவேன். அந்தப் பையனுக்கு நீ எந்த வரியப் போடுவ?”

இத்தனை வருஷத்தில் என்னை ‘நீ’ என்று சொன்னது அன்றைக்குத்தான். ஃப்ளெக்ஸை நாளைக்கு அடித்தால் போதும், எதை அடிக்க வேண்டும் என்று அங்கே போய்விட்டு வந்து சொல் என்று சொல்லிவிட்டு ஆட்டோ ஏறினாள்.

அலமாரியிலிருந்து அறுபத்து மூன்றாவது பக்கத்தை எடுத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். வல்லக்கோட்டை ஒன்றும் காசி ராமேஸ்வரம் இல்லை, கால் மணி நேரம்கூட ஆகாது. ஆறு வருஷத்தில் எத்தனையோ முறை கோயில் திருவிழாவுக்கு ஃப்ளெக்ஸ் கட்ட அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். அந்தத் தெருவுக்குள் மட்டும் திரும்பியதில்லை.

ஹேமந்தின் அம்மா கிளியம்மாள் வாசற்படியில் உட்கார்ந்து முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஹேமந்தும் வீட்டில்தான் இருந்தான். ஒரு குடோன் கேட்டில் வந்துபோகும் வண்டிகளின் நம்பர் எழுதும் வேலை. இடது கையால் எழுதப் பழகிவிட்டான். அன்று அவனுக்கு நைட் ஷிஃப்ட். நான் யார், எந்த ஊர் என்று சொன்னேன். கன்னியப்பனோடு படம் போட்டவன் என்றதும் கிளியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கீரையைக் கிள்ளினாள். வா என்று சொல்லவில்லை. நான் தெருவிலேயே நின்றேன்.

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

“அந்த வரிய கன்னியப்பண்ணன் எழுதலக்கா. நான் எழுதினேன். சட்டக் கை நீலம்னு எழுதிக் குடுத்தாரு, நான்தான் சாம்பல் பூசினேன். கடைசி வரைக்கும் எம் பேர அவரு சொல்லல. செத்து ஒம்போது நாள் ஆவுது.”

கிளியம்மாளின் கை நின்றது. அவர் செத்தது அவளுக்குத் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஹேமந்த் படியிறங்கி வந்து பக்கத்தை வாங்கினான். முதல் ஐந்து கட்டத்தையும் நிதானமாகப் படித்தான். அவற்றில் அவன் சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது, எண்ணிக்கைப் பலகை, கேபிள் டை பாக்கெட், ஆடிட் நாள். கட்டியது யார் என்பது மட்டும் அவற்றில் இல்லை, அதை ஆறாவதுக்கு வைத்திருந்தார். அந்த ஐந்தையும் யார் படித்தார்கள்? போனில் ஓடியது ஆறாவது கட்டம் மட்டும்தான். அவன் இடது கைக் கட்டைவிரலை எச்சிலில் நனைத்து அந்தச் சாம்பல் சட்டையின் மேல் வைத்துத் தேய்த்தான். போஸ்டர் கலர், தண்ணீர் பட்டால் கரையும். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் தெரிந்தது. அவன் அழவில்லை, என்னை அடிக்கவும் இல்லை. நான் இரண்டில் ஒன்றை எதிர்பார்த்துத்தான் நின்றிருந்தேன்.

நினைவு மலர் போடுவதைச் சொன்னேன். அதில் இதைப் போடப் போகிறீர்களா என்று கேட்டான். என்ன சொன்னாலும் செய்கிறேன் என்றேன்.

“இப்டியே போடுங்கண்ணா, தேச்சத தேச்ச மாதிரியே. கீழ அந்த வரியும் இருக்கட்டும். அது யாரு எழுதினதுன்னு பேரு போடுங்க. அதுல வர்ற கை யாருதுன்னு எம் பேரயும் போடுங்க.”

சரி என்றேன். என் பெயரை நானே அச்சடிக்க வேண்டும். அது எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை, கிளியம்மாள்தான் எனக்குப் பயமாக இருந்தாள். அவள் கீரைக்காம்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், எதிர் வீட்டுச் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

“மாசாமாசம் கிருத்திகைக்குக் கோயிலுக்கு வருவாரு. சாமி பாத்துட்டு நேரா இங்க வந்து, இப்ப நீ நிக்கற எடத்துல நிப்பாரு. புள்ள எப்டி கீறான்னு கேப்பாரு. நான் பதில் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிடுவாரு. ஆறு வருஷம். ஒரு வாட்டி வான்னு சொன்னதில்ல, ஒரு சொம்பு தண்ணி குடுத்ததில்ல. ஒரு தபா நல்ல மழ, நனஞ்சிக்கினே நின்னாரு. அப்பவும் சொல்லல.”

எனக்கு இது தெரியாது. என் கடையில் வந்து மழையைப் பற்றிப் பேசிய மனிதர் இதைச் சொன்னதே இல்லை.

“போன கிருத்திகைக்கு வரல. வுட்டுது சனின்னு நெனச்சேன்.”

அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. நான் எழுதலம்மா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அந்த மனுஷன் என்று கேட்டாள். என்னைக் கேட்கவில்லை. ஹேமந்த் அவள் தோளில் கை வைத்தான். அவள் அந்தக் கையை, இரண்டு விரல் மட்டும் இருந்த அந்தக் கையை, பிடித்துக்கொண்டு அழுதாள். நான் சொல்லாமலே இருந்திருந்தால் இவள் ஒரு கெட்டவனைத் துரத்திய நிம்மதியோடு இருந்திருப்பாள். என் பாரத்தை இறக்கி அவள் தலையில் வைத்துவிட்டேன் என்று தோன்றியது. திரும்பிப் போய்விடலாம் என்று வண்டிச் சாவியை எடுத்தேன்.

கிளியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முறத்தை ஓரமாகத் தள்ளி வழிவிட்டாள்.

“உள்ள வா.”

நான் நகரவில்லை. எனக்கா என்பது போலப் பார்த்தேன்.

“உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத. இனிமே ஒருத்தர வாசல்ல நிக்க வெக்க எனக்கு ஆவாது. வா.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஹேமந்த் நாற்காலியை இழுத்துப் போட்டான். கிளியம்மாள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டிக்கொண்டே நின்றாள். கன்னியப்பன் அண்ணனுக்கு ஆறு வருஷமாகக் கிடைக்காத அந்தத் தண்ணீரை வாங்கி நான் குடித்தேன்.